விஞ்ஞானப் படங்களில் வீட்டுக் கதை



விஞ்ஞானக் கற்பனைப் படம் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன யாவை? வானத்தில் பறக்கும் தட்டு, கண்ணில் தீப்பொறி பறக்கும் யந்திர மனிதன், நகரங்களை விழுங்க வரும் ஒரு பூதம், அதை எதிர்த்து நிற்கும் ஒரு வீரன். பிள்ளைகள் கைகொட்டி மகிழ்வர். பெரியவர்கள் பாதியிலேயே எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுவர். அப்படங்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஆயினும், அதே பெயரைத் தாங்கிய வேறொரு வகைப் படமும் உண்டு. அதிலும் யந்திரம் வரும்; விண்கலம் வரும்; காலத்தைக் கடக்கும் கருவியும் வரலாம். ஆனால் படம் முடிந்தபின் நெஞ்சில் நிற்பது யந்திரமன்று. ஊரில் தனியே இருக்கும் தகப்பனாரின் முகம், பெயர் மறந்துபோன ஒரு பழைய நட்பு, தமிழில் பதில் சொல்லத் தயங்கும் நம் பிள்ளையின் குரல் ஆகியவையே. வெளி மாநிலங்களில் குடியிருக்கும் தமிழர்கள் தேடிப் பார்க்கத்தக்கவை இந்த இரண்டாம் வகைப் படங்கள் என்பது நம் கருத்து.

இவற்றை எப்படி இனம் கண்டுகொள்வது? ஓர் எளிய சோதனை உண்டு. கதையிலிருந்து உறவை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது வெறும் விளையாட்டுப் பொம்மையானால், உறவே அதன் உயிர் என்று தெளியலாம். பிறகு விஞ்ஞானத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை சிறிதும் மாறாமல் அப்படியே நடக்குமானால், அந்த விஞ்ஞானம் கல்யாணப் பந்தலில் தொங்கும் வண்ணக் காகிதம் போன்றதே. இரண்டில் எதை எடுத்தாலும் கதை நிற்கமாட்டாது என்றால் அது நல்ல படம்.

பள்ளுருத்தியில் இருந்துகொண்டு இதைப் பேசுவது பொருத்தமானதே. மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, தோப்பும்படியைக் கடந்து, உப்பங்கழிகளுக்கு நடுவே அமைந்த இப்பகுதியிலும் இதைச் சுற்றிய மேற்குக் கொச்சியிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் இடத்தில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பத்தாரின் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் வந்தவர் என்பர். கடற்படைத் தளத்தை அடுத்த வாத்துருத்தியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நெருங்கிக் குடியிருக்கின்றனர். வந்த காலம் வேறு, செய்யும் தொழில் வேறு. ஆயினும் அண்மையில் வந்த குடும்பங்கள் பலவற்றுக்குப் பொதுவான கவலை ஒன்று உண்டு. நாம் இங்கே, பெற்றோர் அங்கே. மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். நாள்தோறும் தொலைபேசியில் பேசுகிறோம். உடல் தளர்ந்துவிட்டால் கூட இருக்க ஓர் ஆளை அமர்த்துகிறோம். அதற்குமேல் செய்ய வழியில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

இந்தக் கவலையையே கருவாகக் கொண்டு மலையாளத்தில் 2019ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25' என்னும் படம். ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள் எழுதி இயக்கிய முதற்படம் இது. வட கேரளத்துப் பையன்னூரில் பாஸ்கரப் பொதுவாள் என்னும் முதியவர், வீட்டுக்குள் புதிய கருவி எதுவும் நுழைவதை விரும்பாதவர், பிடிவாதமே உருவானவர். அவருடைய ஒரே மகன் சுப்பிரமணியன் பொறியியல் படித்தவன். தொலைவில் வேலை கிடைத்தாலும் தந்தையின் பிடிவாதத்தால் நிலைத்திருக்க இயலாமல் திரும்பிவிடுபவன். கடைசியில் ருஷ்யாவில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை கிடைக்கிறது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு போகிறான். தந்தையைப் பார்த்துக்கொள்ள அமர்த்திய ஆட்களை அவரோ நிற்கவிடுவதில்லை. மகன் செய்வதறியாது, தன் நிறுவனம் உண்டாக்கிய ஒரு யந்திர மனிதனைக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்திவிட்டுப் போகிறான்.

பிறகு நடப்பதுதான் படம். முதலில் முதியவருக்கு அருவருப்பு, அடுத்து அலட்சியம், அதற்கடுத்து ஒரு பழக்கம், பழக்கம் மெல்லப் பாசமாகிறது. யந்திரம் சமைக்கிறது, மருந்தை நேரம் தவறாமல் கொடுக்கிறது, சொன்ன கதையையே பத்தாம் முறை சொன்னாலும் முகம் சுளிக்காமல் கேட்கிறது. முகம் சுளிக்க அதற்கு முகமே இல்லை என்பது வேறு. முதியவர் அதற்கு உடை உடுத்தித் தம்முடன் ஊருக்குள் அழைத்துச் செல்கிறார். மகன் திரும்பி வரும்போது, தான் அனுப்பிய யந்திரமே தன் இடத்தில் அமர்ந்திருப்பதைக் காண்கிறான். அதைத் திரும்ப எடுத்துச் செல்லவேண்டிய நிலை அவனுக்கு. தரமாட்டேன் என்ற நிலை தந்தைக்கு. முடிவை இங்கே சொல்லிவிடுவது முறையன்று.

இப்படத்தில் தீயவர் எவரும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மகன் நன்றி மறந்தவனல்லன். தந்தை கொடியவரும் அல்லர். இருவருக்கும் நடுவே இருப்பது தொலைவு ஒன்றே. நாம் அமர்த்திய ஆள் நம் தாயை நன்றாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் வருந்துகிறோம். அது எல்லோரும் அறிந்தது. அவர் மிக நன்றாகப் பார்த்துக்கொண்டு, தாயும் நம்மைத் தேடாமல் அவரையே தேடத் தொடங்கினால் நமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா, வருத்தம் உண்டாகுமா? இக்கேள்வியை ஒரு மனிதப் பணியாளை வைத்துக் கேட்டால், சம்பளம், குணம், சாதி, பேராசை என்று கதை வேறு வழியில் போய்விடும். யந்திரத்துக்குக் குணமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆகவே கேள்வி தூய்மையாக நிற்கிறது. விஞ்ஞானக் கற்பனையின் பயன் இதுவே.

தந்தையாக நடித்த சுராஜ் வெஞ்ஞாறமூடுக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் அந்த நடையிலும் இருமலிலும் எழுபது வயது தெரிகிறது. அவ்வாண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது இப்படத்துக்கும் 'விக்ருதி' என்னும் படத்துக்குமாகச் சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது. மகனாக வரும் சௌபின் ஷாஹிர் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவர். மட்டாஞ்சேரிச் சிறுவர்களின் புறாப் பந்தயத்தை வைத்து 2017இல் 'பறவ' என்னும் படத்தை இயக்கியவரும் அவரே. பள்ளுருத்தியை அடுத்த கும்பளங்கியின் பெயரைத் தாங்கி வந்த படத்திலும் அவரைக் கண்டிருக்கிறோம். இப்பகுதித் தமிழருக்கு அவர் திரையில் தோன்றும் அயலாரல்லர், பக்கத்துத் தெருக்காரர்.

இப்படம் 2022இல் 'கூகுள் குட்டப்பா' என்னும் பெயரில் தமிழில் வந்தது, தந்தையாகக் கே. எஸ். ரவிக்குமார் நடித்தார். மலையாளம் புரியாதவர்கள் அதைப் பார்க்கலாம். ஆயினும் மூலப்படத்தில் உள்ள மௌனம் தமிழில் குறைவு, சிரிப்பு அதிகம். கேரளத்தில் வாழும் நம்மவர் மலையாளத்திலேயே பார்ப்பது நன்று. இதே கருவுக்கு நெருங்கிய உறவாக, 2012இல் அமெரிக்காவில் 'ரோபாட் அண்ட் ஃப்ராங்க்' என்ற படம் வந்தது. அதில் முதியவர் ஒரு பழைய திருடர். மகன் கொண்டுவந்து விட்ட யந்திரத்துக்கும் அவர் தம் கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்! நகைச்சுவையாகத் தொடங்கி, ஞாபகமறதி என்னும் நோயின் வாசலில் கொண்டுபோய் நம்மை நிறுத்திவிடும் படம் அது.

தமிழில் இவ்வகை முயற்சி எப்போது தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு 1963ஆம் ஆண்டை நினைவூட்டலாம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' அவ்வாண்டில் வந்தது. வேறொரு மண்டலத்தில் வாழ்வோர் விஞ்ஞானத்தில் மிக உயர்ந்துவிட்டனர். ஆனால் அவர்களிடம் பாட்டும் கூத்தும் இல்லை. அக்குறையைத் தீர்க்கப் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர். விண்கலமும் உடையும் இன்று பார்ப்பவருக்குச் சிரிப்பை மூட்டலாம். கருவோ சிரிக்கத்தக்கதன்று, எல்லாம் பெற்றும் பாட்டில்லாத வாழ்க்கை என்ன வாழ்க்கை என்று அது கேட்கிறது. இங்கே ஒரு சிறு விலகல். பள்ளுருத்தியில் வாழ்ந்து 2020 ஏப்ரலில் மறைந்த இசையமைப்பாளர் எம். கே. அர்ஜுனன், இளமையில் வறுமையின் காரணமாகப் பழனியில் உள்ள ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இசை பயின்றவர். பாட்டைத் தேடிக் கவர்ந்து செல்லவேண்டியதில்லை. பிழைப்பைத் தேடிப் போன பிள்ளையும் அதை மடியில் கட்டிக்கொண்டு திரும்பலாம்.

தமிழ் வாசகரிடையே யந்திரங்களைச் செல்லப்பிள்ளைகள் ஆக்கியவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அவரும் ஒரு வெளிமாநிலத் தமிழரே. 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்னும் யந்திர நாயை அறியாதவர் நம்மில் சிலரே. அவருடைய வசனப் பங்களிப்புடன், அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2010இல் வெளிவந்தது ஷங்கரின் 'எந்திரன்'. அப்படத்தின் பிற்பகுதி ஆர்ப்பாட்டம் நமக்கு அலுப்பையே தந்தது. ஆனால் அதன் முற்பகுதியில் ஓர் இடம் உண்டு. தீப்பற்றிய கட்டடத்துக்குள் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை யந்திரம் அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்திவிடுகிறது. உயிரைக் காப்பாற்றிவிட்டது, ஆனால் நாணம் என்பது உயிரினும் பெரிதாக ஒருத்திக்குத் தோன்றக்கூடும் என்பதை அது அறியவில்லை. அவள் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். நன்மை செய்வதற்கு வலிமை மட்டும் போதாது, அடுத்தவர் மனத்தை அறியும் அறிவும் வேண்டும் என்பதை இத்தனை சுருக்கமாகக் காட்டிய காட்சி தமிழில் வேறு உண்டா என்பது ஐயமே. விக்ரம் குமார் இயக்கி 2016இல் வந்த '24'இல், காலத்தைத் திருப்பும் கைக்கடிகாரத்தைவிட, பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்த தாயின் பகுதியே நமக்குப் பிடித்தது.

இனி, நம் பிள்ளைகளைப் பற்றிய கவலைக்கு வருவோம். இங்கே பிறந்த குழந்தைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கின்றனர். டில்லியிலும் பம்பாயிலும் உள்ளோர் வீட்டில் இந்தி. தாய்மொழியையும் அதன் வாசனையையும் யார் ஊட்டுவது? பாட்டி ஊரில், தாயும் தந்தையும் வேலைக்கு. 2021இல் வந்த 'ஆஃப்டர் யாங்' என்னும் அமெரிக்கப் படம் இந்த இடத்திலேயே தொடங்குகிறது. கொகொநாடா என்பவர் இயக்கியது. அலெக்சாண்டர் வைன்ஸ்டீன் எழுதிய ஒரு சிறுகதையை ஆதாரமாகக் கொண்டது. தேயிலை வியாபாரியான ஒருவரும் அவர் மனைவியும் சீனாவில் பிறந்த ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கின்றனர். அக்குழந்தை தன் பிறந்த நாட்டை மறந்துவிடக்கூடாதென்று, சீன இளைஞன் வடிவில் யாங் என்னும் ஒரு யந்திர மனிதனை விலைக்கு வாங்கி, அவளுக்கு அண்ணனாக வைக்கின்றனர். ஒரு நாள் யாங் செயலற்று விழுந்துவிடுகிறான். பழுது பார்க்க வழி தேடும் தந்தை, அவன் ஒவ்வொரு நாளும் சில நொடிகளை நினைவில் சேர்த்துவைத்திருப்பதைக் காண்கிறார்.

இப்படத்தில் போர் இல்லை, துரத்தல் இல்லை. மெதுவாக ஊறும் தேநீர் போன்ற படம். இதில் வரும் ஒரு காட்சியை மட்டும் சொல்லவேண்டும். நீ இவர்களுக்குப் பிறந்தவள் அல்லள் என்ற பேச்சுக்கு ஆளான குழந்தையை யாங் ஒரு தோட்டத்துக்கு அழைத்துச் சென்று ஒட்டுக்கட்டிய மரக்கிளையைக் காட்டுகிறான். வேறு மரத்தில் பிறந்த கிளை. இந்த மரத்தில் உயிர் பெற்றது. இரண்டு மரமும் அதற்குச் சொந்தமே. ஒட்டுமாங்கன்று நடும் நம்மவருக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அயல் மண்ணில் பிறந்து வளரும் நம் பிள்ளை, 'நான் தமிழனா, மலையாளியா?' என்று கேட்கும் நாளில் பதில் சொல்லத் திணறுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல பதில் நமக்குக் கிட்டியதில்லை. அதேசமயம் படம் ஒரு முள்ளையும் உள்ளே வைத்திருக்கிறது. பண்பாட்டைக் கற்பிக்கும் வேலையைக் கடையில் வாங்கியவனிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் விழுந்த பிறகே தந்தை மகளோடு உட்கார்ந்து பேசத் தொடங்குகிறார். கைப்பேசியில் தமிழ்ப் பாட்டைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்துவிடும் நமக்கு அந்த முள் தைக்கவே செய்யும்.

மொழியைப் பற்றி இன்னும் ஆழமாகப் போவது டெனி வில்நவ் இயக்கிய 'அரைவல்'. 2016இல் வந்தது, டெட் சியாங் 1998இல் வெளியிட்ட கதையை ஆதாரமாகக் கொண்டது. வேற்றுலகத்தார் பூமிக்கு வந்து நிற்கின்றனர். அவர்களிடம் அனுப்பப்படுபவர் தளபதி அல்லர். ஒரு மொழியியல் பேராசிரியை. அவர்கள் எழுத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, வட்டமாக இருக்கும். அதைக் கற்கக் கற்க, காலத்தையே அவள் வேறு விதமாக உணரத் தொடங்குகிறாள். அவளுடைய மகளின் பெயர் ஆங்கிலத்தில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைந்தது. நம் 'விகடகவி'யைப் போல! அந்த மகளுக்கும் அவளுக்கும் உள்ள உறவே படத்தின் நடுநாடி. இரவல் மொழியில் விலை பேசிக் காய்கறி வாங்கிய முதல் நாளையும், அம்மொழியில் முதன்முதலாகக் கனவு கண்ட நாளையும் அறிந்த வெளிமாநிலத் தமிழர்கள், மொழி ஆளை மாற்றுகிறது என்ற கருத்தை எளிதில் ஏற்றுக்கொள்வர்.

வயது வந்தோர் மட்டும் பார்க்கவேண்டியது ஸ்பைக் ஜோன்ஸ் 2013இல் எடுத்த 'ஹெர்'. அதன் நாயகன் பிறருக்காகக் கடிதம் எழுதிக்கொடுத்துப் பிழைப்பவன். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குத் தபாலாபீசு வாசலில் உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதித்தந்தவர்களின் வழிவந்தவன் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். பிறர் அன்பைத் தன் சொல்லால் எழுதுபவன், தன் தனிமைக்கு மருந்தாகக் கணினிக்குள்ளிருந்து பேசும் ஒரு குரலைக் காதலிக்கிறான். ஒரு நாள் கேட்கிறான்: இப்போது வேறு யாரோடேனும் பேசுகிறாயா? 8,316 பேரோடு பேசிக்கொண்டிருப்பதாகவும், அவர்களில் 641 பேரைக் காதலிப்பதாகவும் அக்குரல் ஒளிக்காமல் சொல்லுகிறது. இந்தப் படம் வந்தபோது இது வெறுங்கற்பனை. இன்றோ மனிதனைப்போல் உரையாடும் கணினி நிரல்கள் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. தனி அறையில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் இதைப் பார்த்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது நல்லது.

பொறுமை மிக்கவர்களுக்குத் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்', 1972. இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். ஸ்தனிஸ்லாவ் லெம் என்னும் போலந்து எழுத்தாளரின் நாவலிலிருந்து பிறந்தது. தொலைவான ஒரு கோளின் கடல், அங்கே வருவோரின் நினைவைப் படித்து, அவர்கள் இழந்த மனிதரை உருவாக்கி எதிரில் நிறுத்துகிறது. நாயகன்முன் வந்து நிற்பவள் தற்கொலை செய்துகொண்ட அவனுடைய மனைவி. ஆனால் நமக்கு அதைவிடக் கனத்தது படத்தின் தொடக்கமே. விண்வெளிக்குப் புறப்படுமுன் அவன் தன் கிழத் தந்தையின் வீட்டில் ஒரு நாள் தங்குகிறான். திரும்பி வரும்போது தந்தை உயிரோடு இருக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அதை எதிரெதிரே நின்று பேச இருவராலும் இயலவில்லை. ரயிலடியில் நாம் இப்படி நின்றதில்லையா?

நம் நாட்டுப் படமாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆரதி கடவ் இயக்கி 2019இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'கார்கோ' என்னும் இந்திப் படம். இறந்தோரை மறுபிறவிக்கு ஆயத்தம் செய்யும் ஒரு விண்கலம். அதற்குப் பெயர் புஷ்பகம். அதில் தனியே வேலை பார்க்கும் ஓர் அரக்கன், அவனுக்கு உதவியாக வந்து சேரும் ஓர் இளம்பெண். செலவு குறைந்த படம் என்பது கண்ணுக்குத் தெரியும். கருத்து மிகுந்தது என்பதும் தெரியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், குஞ்ஞப்பனில் தொடங்குங்கள். பத்து வயதுப் பிள்ளைகளும் உடன் இருக்கலாம். அடுத்து 'ஆஃப்டர் யாங்'. அதைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பெற்றோர் இருவர் மட்டும் முதலில் பார்த்துவிடுவது நலம். வாத்துருத்தி போன்ற இடங்களில் ஒரே அறையில் பலர் தங்கும் தோழர்கள், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஒரு படம் பார்ப்பதானால் எழுத்து மிகுதியாக ஓடும் அயல்நாட்டுப் படத்தைத் தவிர்த்து மலையாளப் படத்தையே போடலாம். நாள் முழுதும் உழைத்த கண்ணுக்குத் திரையடியில் எழுத்துப் படிப்பது பாரம்.

ஊரிலிருந்து தகப்பனார் வந்திருக்கும் சமயத்தில் குஞ்ஞப்பனைப் போடலாமா என்று கேட்பவர் உண்டு. போடலாம். மொழி புரியாத இடத்தில் மெல்லச் சொல்லிக்கொடுங்கள். படம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று உடனே கேட்டுவிடாதீர்கள். முதலில் அவர் பேசட்டும்.